250 சி.சி. குவாட் பைக்கை மாற்றியமைப்பதா, வேகமான வண்டியை வாங்குவதா: கோத்தா திங்கி செம்பனைத் தோட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

என் மைத்துனருக்குச் சொந்தமான, நான்கு சக்கரங்கள் கொண்ட யமஹா ராப்டர் 250 குவாட் பைக், மூன்று ஆண்டுகளாக மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலுள்ள கோத்தா திங்கியில் என் மனைவியின் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் வாழும் எங்களுக்கு அதை நிறுத்தி வைக்கவும் இடமில்லை, ஓட்டவும் தடமில்லை. ஆகவே மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், விடியுமுன் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து, ஜோகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சித்தப்பாவின் ஐந்து ஹெக்டர் செம்பனைத் தோட்டத்துக்குப் போய்த்தான் ஓட்டுகிறோம். வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு பயணத்தில் வண்டிமீது உட்கார்ந்திருக்கும் நேரம் இரண்டு மணிக்கு மேல் இராது. கிடைக்கும் நேரம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான், வண்டி சரியில்லை என்ற குறை மனத்தில் பெரிதாக வளர்கிறது என்று நினைக்கிறேன்.

சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு மைத்துனர் ஒரு முடிவுடன் வந்தார். வண்டி போதவில்லை, மேட்டில் மூன்றாவது கியரிலேயே திணறுகிறது, என் மகன் ஓட்டும்போது ஏறுகிற மேட்டில் தாம் ஓட்டினால் பின்தங்குகிறது. அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டு, திறந்த சைலன்சரும் பொருத்தி, இருக்கும் வண்டியையே வேகமாக்குவது ஒன்று. அதை விற்றுவிட்டு ராப்டர் 700 வாங்குவது மற்றொன்று. "அத்தான், நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க, நான் அப்படியே செய்யறேன்" என்றார். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் இருபது ஆண்டுகளாக இயந்திரப் பராமரிப்பில் இருப்பவன் என்பதால், அளந்து பார்க்காத எதையும் நான் நம்புவதில்லை. அதைவிட முக்கியமாக, இந்த வண்டியில் அவரோடு மாறி மாறி ஏறுகிறவன் 17 வயதான என் மகன். எனவே இதை ஒரு முறையான ஆய்வாகவே எடுத்துக்கொண்டேன். பிப்ரவரி தொடங்கி ஐந்து மாதங்களில் நாங்கள் செய்ததும் கண்டதும் கீழே உள்ளன.

வண்டியும் ஓட்டுநரும்

ராப்டர் 250, 2008ஆம் ஆண்டு மாடலாக வந்தது. இப்போது பல ஆண்டுகளாக உற்பத்தியில் இல்லை. காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர், ஐந்து கியர். சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 58 மி.மீ., கொள்ளளவு 249 சி.சி. பெட்ரோல் நிரம்பிய நிலையில் எடை சுமார் 150 கிலோ. மைத்துனர் 92 கிலோ. மகன் 58 கிலோ. இந்த இரண்டு எடைகளும் பின்னால் வரும் கணக்கு முழுவதையும் தீர்மானித்தன.

தோட்டத்தில் இரண்டு அளவைகளை வகுத்துக்கொண்டேன். ஒன்று, சித்தப்பா வீட்டுக்குப் பின்புறமுள்ள செம்மண் மேட்டில், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு 200 மீட்டர் ஏறுவது. மற்றொன்று, செம்பனை வரிசைகளுக்கு இடையில் அந்த மேட்டையும் சேர்த்து 1.4 கிலோமீட்டர் சுற்றி வருவது. ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை ஓட்டச் செய்து சராசரியை எடுத்தேன். மழை பெய்த மறுநாள் அளக்கவில்லை. ஈரச் செம்மண் டயரில் ஒட்டிக்கொண்டால் எண்கள் அனைத்தும் பொய்யாகிவிடும்.

முதல் அளவையில் மைத்துனர் மேடேற எடுத்துக்கொண்டது 17.2 விநாடி, மகன் 14.9 விநாடி.

சைலன்சரால் நேர்ந்தது

மாற்றியமைக்கும் வழியை முதலில் சோதித்தோம், ஏனென்றால் மைத்துனர் ஏற்கெனவே இணையத்தில் ஒரு திறந்த சைலன்சரை வாங்கி வைத்திருந்தார். அதைப் பொருத்தியதும் சத்தம் ஏறக்குறைய இரு மடங்கானது. தோட்டத்து நாய்கள் மூன்றும் கொட்டகையை விட்டு ஓடின. வேகம் பிடித்துவிட்டது என்று மைத்துனரும் மகனும் உறுதியாகச் சொன்னார்கள். கடிகாரமோ 17.0 விநாடி என்று காட்டியது. 0.2 விநாடி என்பது மூன்று ஓட்டங்களுக்கு இடையிலேயே இருக்கும் வேறுபாடு. சத்தம் வேகமாகத் தோன்றுகிறது என்பதை அன்று கண்ணெதிரே பார்த்தேன்.

அதோடு நிற்கவில்லை. ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சர் பட்பட்டென வெடித்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பீங்கான் மூக்கு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. நல்ல நிலையில் அது வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். புகை வெளியேறும் வழி எளிதாகும்போது எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை பழைய அளவிலேயே இருப்பதால் அதற்கு ஈடான பெட்ரோல் வருவதில்லை. பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். காற்றை மட்டும் நம்பிக் குளிரும் எஞ்சினில், நம் ஊர் வெயிலில், அந்தச் சூடு பிஸ்டனைத்தான் தின்னும். பெரிய ஜெட் போட்டால் கலவை சரியாகும் என்பது உண்மை, ஆனால் 0.2 விநாடிக்காக அந்த வேலையில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே பழைய சைலன்சரைத் திரும்பப் பொருத்தினோம்.

சித்தப்பா கேட்ட கேள்வி

சித்தப்பா ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டியவர். நாங்கள் சைலன்சரோடு மல்லுக்கட்டுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "மாப்பிள்ளை, வண்டி ஓடலைன்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. பின்சக்கரத்தத் தூக்கிவச்சு, கையால ஒருதரம் சுத்திப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பின்பகுதியைக் கட்டைமேல் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து டயரைச் சுழற்றினேன். கால் சுற்றுக்கூடப் போகாமல் நின்றது. பின் பிரேக்கின் காலிப்பர் நகரும் ஊசிகளில் செம்மண் இறுகிப் படிந்து, பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மைத்துனர் மூன்று ஆண்டுகளாக பிரேக்கை மிதித்தபடியே மேடேறியிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்றைக் கண்டதும் மற்றவற்றையும் தேடினோம். காற்று வடிகட்டியின் பஞ்சை மண்ணெண்ணெயில் போட்டுப் பிழிந்தபோது, கடையில் ஊற்றித் தரும் தே-ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் கரைசல் வடிந்தது. நான்காவது முறைக்குப் பிறகே தெளிந்தது. டயர்களில் காற்று, வலப்பின் டயரில் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு), இடப்பின் டயரில் 5 பிஎஸ்ஐ. இவ்வகை வண்டிகளின் டயருக்குத் தேவைப்படுவதே 4 பிஎஸ்ஐயை ஒட்டிய அழுத்தம்தான். பெட்ரோல் நிலையத்துக் கருவி கார் டயருக்கானது. அவ்வளவு குறைந்த அழுத்தத்தை அது நம்பத்தக்க வகையில் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கான தனி மானி ஒன்றை வாங்கிக் கொட்டகை ஆணியிலேயே மாட்டிவிட்டேன். குவாட் பைக் வைத்திருக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்லும் செலவு அதுதான்.

எஞ்சின் எண்ணெயில் இருந்த தவறு இதைவிடப் பெரியது. கார் சர்வீஸில் மீந்த எண்ணெயை யாரோ இதில் ஊற்றியிருந்தார்கள். காரில் கிளட்ச் எஞ்சின் எண்ணெய்க்கு வெளியே உலர்ந்து இயங்குகிறது. இவ்வகை வண்டியிலோ கிளட்ச் தட்டுகள் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து கிடக்கின்றன. எரிபொருள் மிச்சத்துக்காக உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால் தட்டுகள் ஒன்றையொன்று பற்றாமல் வழுக்கும். எஞ்சின் உறுமும், சக்கரத்துக்கு இழுவை போகாது. மைத்துனர் 'திணறல்' என்று சொன்னதில் பாதி இந்த வழுக்கல். மூடியைத் திறந்தபோது இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. புதிய தட்டுகளையும், எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜேஏஎஸ்ஓ எம்ஏ தரக்குறியுள்ள மோட்டார் சைக்கிள் எண்ணெயையும் போட்டோம்.

கடைசியாகத் தெரிந்த ஒன்று எங்கள் கேள்வியையே புரட்டிப் போட்டது. முன்பு வைத்திருந்தவர், தோற்றத்துக்காகவோ தரை உயரத்துக்காகவோ, நிறுவனம் கொடுத்ததைவிட 2 அங்குலம் உயரமான பின்டயர்களை மாட்டியிருந்தார். டயர் ஏறக்குறைய பத்து சதவீதம் உயரும்போது, ஒவ்வொரு கியரும் அதே அளவு கனத்துவிடும். மேட்டில் இழுவை அதற்கேற்பக் குறையும். மாற்றியமைப்பதா என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்த வண்டி, எங்களுக்குத் தெரியாமலேயே, தவறான திசையில் ஏற்கெனவே மாற்றியமைக்கப்பட்டிருந்தது.

உரிய அளவு டயர்களைப் போட்டு, சங்கிலியின் தொய்வைச் சரிசெய்து, மறுபடி அளந்தோம். மைத்துனர் 14.1 விநாடி, மகன் 12.8 விநாடி. எஞ்சினுக்குள் எதையும் கூட்டாமலே மைத்துனருக்கு மூன்று விநாடி மீண்டது. இதுதான் 250இன் உண்மையான நிலை. ஒப்பிடுவதானால் இந்த நிலையோடுதான் மற்றதை ஒப்பிட வேண்டும். பழுதுபட்ட பழைய வண்டியைப் புதிய வண்டியின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, புதியது வேகமாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை.

வளைவுகள்

முழுச் சுற்றில் மைத்துனர் 2 நிமிடம் 29 விநாடியும் மகன் 2 நிமிடம் 13 விநாடியும் எடுத்தார்கள். பதினாறு விநாடி வேறுபாடு. ஆனால் மேட்டில் இருவருக்கும் உள்ள வேறுபாடு 1.3 விநாடிதான், மற்ற நேர்ப்பாதைகளையும் சேர்த்தால்கூட எடை காரணமாக நான்கைந்து விநாடிக்கு மேல் கணக்கு வராது. மீதி எங்கே போயிற்று?

மூன்றாவது வளைவில் ஒரு பனையின் பின்னே நின்று பார்த்தேன். இவ்வகை வண்டியில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே திடமான அச்சில் இறுகியிருக்கின்றன. வளையும்போது உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்ற வழியில்லை. ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்து உள்பக்கம் சாய்ந்து, வெளிக்கால் மிதியில் ஊன்றினால்தான் உள்சக்கரத்தின் பாரம் குறைந்து அது சற்றே வழுக்கும், வண்டி திரும்பும். மகன் இதைத் தானாகவே செய்தான். மைத்துனர் காரில் அமர்ந்திருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டி நேரே போகவே முயன்றது. அவர் பயந்து மகனைவிடப் பத்து மீட்டர் முன்னதாகவே பிரேக் பிடித்தார். போதாததற்கு, பின் ஷாக் அப்சார்பரின் சுருள்வில் மகனின் எடைக்கே சரியாக இருந்ததால், 92 கிலோ ஏறியதும் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் அடிவரை இடித்தது.

சுருள்வில்லை இறுக்கினோம். மகன் தன் மாமாவுக்கு இரண்டு சனிக்கிழமைகள் சாய்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தான். இரண்டாவது சனிக்கிழமை மாலை அவர் எடுத்த நேரம் 2 நிமிடம் 20 விநாடி. செலவு ஒரு வெள்ளிகூட இல்லை.

இனி எஞ்சின்

இத்தனைக்குப் பிறகும் மேட்டில் அவருக்குக் குறை இருந்தது, அது நியாயமான குறையும்கூட. அதற்குத்தான் கீழ்க்கண்ட கணக்கு. எஞ்சினின் ஆற்றல் கொள்ளளவை மட்டும் பொறுத்ததல்ல என்றாலும், இவை எல்லாம் ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் என்பதால், வண்டியும் ஆளும் சேர்ந்த எடையில் கிலோவுக்கு எத்தனை சி.சி. என்று பார்ப்பது ஓரளவு சரியான படத்தைத் தரும்.

மைத்துனர் ஏறிய 250க்கு மொத்த எடை 242 கிலோ, கிலோவுக்கு 1.03 சி.சி. மகன் ஏறினால் 208 கிலோ, 1.20 சி.சி. இப்போது சிலிண்டரை 80 மி.மீ. விட்டத்துக்குக் கடைவதாக வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 291 சி.சி. ஆகும்; மைத்துனருக்குக் கிலோவுக்கு 1.20 சி.சி. கிடைக்கும். அதாவது கடைசல், பிஸ்டன், கேஸ்கெட், ஜெட், வலுவான கிளட்ச் சுருள்கள் அனைத்துக்கும் பணம் கொட்டிய பிறகு, என் மகன் எந்த மாற்றமும் செய்யாத வண்டியில் இன்று அனுபவிப்பதைத்தான் மைத்துனர் எட்டுவார். இந்த இரண்டு எண்களும் ஒன்றாக வந்து நின்றதைக் கண்டபோது, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோகூர் பாருவில் ஒரு பட்டறை இந்த வேலைக்குச் சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைக்கக்கூடிய விலையில் பாதிக்கு மேல். விற்கும்போது அதில் ஒரு காசும் திரும்பாது. கடைந்த எஞ்சின் என்றதுமே வாங்குபவர் விலையைக் குறைப்பார். அமுக்க விகிதத்தைக் கூட்டும் பிஸ்டன் போட்டால் ரோன் 95 பெட்ரோல் போதாமல் போகலாம். கிராங்க் தாங்கிகளோ அதே பழைய தாங்கிகள். சங்கிலியை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைப்பது மட்டும் இதற்கு விலக்கு: 13 பல்லை 12 ஆக்கினால் இழுவை எட்டு சதவீதம் கூடும், உச்ச வேகம் ஏறக்குறைய அதே அளவு குறையும். செம்பனை வரிசைக்குள் உச்ச வேகம் யாருக்கும் தேவையில்லை. குறைந்த செலவில் பயன் தரும் மாற்றம் இது ஒன்றே என்பது என் மதிப்பீடு.

அடுத்தது ராப்டர் 700. 686 சி.சி., நீரால் குளிர்வது, எடை சுமார் 190 கிலோ. மைத்துனர் ஏறினாலே கிலோவுக்கு 2.43 சி.சி. வருகிறது, இப்போதுள்ளதைப் போல இரு மடங்குக்கும் மேல். என் தயக்கம் வண்டியின் தரத்தைப் பற்றியதல்ல, அது ஓடவிருக்கும் இடத்தைப் பற்றியது. செம்பனை மரங்கள் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறோம். ஒவ்வொரு விநாடியும் கிட்டத்தட்ட இரண்டு மரங்கள். வெட்டிப்போட்ட மட்டைகள் வரிசைகளுக்கு இடையே குவிந்து கிடக்கும். குலை ஏற்றும் டிராக்டர் எந்த வரிசையிலிருந்தும் வெளிப்படலாம். 50இலிருந்து 60க்குப் போனாலே, மோதும்போது தாங்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது.

இந்த இடத்தில் சிங்கப்பூர்க்காரர்களான நம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் நமக்குச் சட்டமே ஏணி வைத்திருக்கிறது: 2பி உரிமத்தில் 200 சி.சி. வரை, ஓராண்டு கழிந்த பின்பே 2ஏ உரிமத்தில் 400 சி.சி. வரை, அதன்பின் மேலும் ஓராண்டு கழித்தே 2 உரிமம். அந்தக் காத்திருப்பை நாம் தொல்லையாக நினைக்கிறோம். தனியார் நிலத்தில் ஓடும் குவாட் பைக்குக்கு அந்த ஏணி இல்லை. பணம் இருந்தால் முதல் நாளே 700இல் ஏறலாம், 17 வயதுப் பையனும் ஏறலாம். மாமாவின் வண்டி கொட்டகையில் நிற்கும்போது என் மகன் அதில் ஏறாமல் இருப்பான் என்று நான் என்னையே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை. பெரியவண்டிகளின் எச்சரிக்கைச் சீட்டு 16 வயதுக்கு உட்பட்டோர் ஓட்டக்கூடாது என்கிறது. 17 வயதில் எல்லாம் கைவந்துவிடும் என்று அது சொல்லவில்லை. இல்லாத படியை நாமே வைத்தாக வேண்டும்.

முடிவு

அந்தப் படியாக ஹோண்டா டிஆர்எக்ஸ் 400இஎக்ஸ் அமைந்தது. 1999ஆம் ஆண்டு மாடலாக அறிமுகமான வண்டி, 85 மி.மீ. விட்டம், 70 மி.மீ. ஓட்டம், 397 சி.சி.; காற்றால் குளிர்வது, கார்புரேட்டர் உள்ளது. எடையைச் சுமார் 185 கிலோ என்று கொண்டால் மைத்துனருக்குக் கிலோவுக்கு 1.43 சி.சி. 250ஐப் பிரித்துப் பழகிய அதே கைகளும் அதே கருவிகளும் இதற்கும் போதும் என்பது, ஊர் விட்டு ஊர் போய் வார இறுதியில் மட்டும் ஓட்டும் எங்களுக்குப் பெரிய வசதி.

ஜோகூரிலேயே பயன்படுத்திய வண்டி ஒன்று விற்பனைக்கு வந்தது. சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே போய், முதலில் சிலிண்டரின் துடுப்புகளில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அப்போதே திரும்பியிருப்பேன். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆனதையும் நீலப்புகை வராததையும் கவனித்தேன். சக்கரங்களை மேலும் கீழும் பிடித்து ஆட்டித் தாங்கிகளைச் சோதித்தேன். வலமுன் சக்கரத்தில் ஆட்டம் இருந்தது, அதைச் சொல்லி விலை குறைத்தோம். மிதிகள் பொருந்தும் இடத்தில் சட்டகத்தின் பற்றவைப்புகளை விளக்கடித்துப் பார்த்தோம், விரிசல் இல்லை. சைலன்சர் நிறுவனம் கொடுத்ததாகவே இருந்தது எனக்கு மிகப் பிடித்திருந்தது.

பட்டறை கேட்ட தொகை அப்படியே இதற்கு முன்பணமாயிற்று. மேட்டில் மைத்துனர் எடுத்த நேரம் 11.9 விநாடி, முழுச் சுற்று 2 நிமிடம் 12 விநாடி. மகனின் 250ஐவிட ஒரே ஒரு விநாடி குறைவு. இருவரும் இப்போது ஒரே சமயத்தில் புறப்பட்டு ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேருகிறார்கள்.

250ஐ விற்கவில்லை. அதன் பின் சுருள்வில்லை மறுபடி 58 கிலோவுக்குத் தளர்த்திவிட்டேன். 12 பல் ஸ்ப்ராக்கெட் அடுத்த பயணத்தில் ஏறும். சுற்றை 250இல் 2 நிமிடம் 10 விநாடிக்குள், மூன்று வெவ்வேறு சனிக்கிழமைகளில், ஒருமுறைகூடத் தடத்தை விட்டு விலகாமல் முடித்தால் 400இல் ஏறலாம் என்று மகனுக்கு மாமாவே நிபந்தனை வைத்திருக்கிறார். 400இன் சாவி சித்தப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.